என் கையில் வரையப்பட்ட நிபந்தனைகள்

பல்லாவரத்தில், காலணிகளின் மேற்பாகத்தைத் தோலில் தைத்து இத்தாலிக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் நான் தையற்பெண்ணாகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராக ஓய்வு பெற்றேன். இடையில் கல்லூரி எதற்கும் சென்றதில்லை. இதனைக் குறையாக எண்ணி எழுதவில்லை. படிப்பவர்கள் எப்படியும் கேட்பார்கள் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

சென்ற மாதம் அத்தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் சிட்லபாக்கத்தில் உள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். அங்கு இப்போது மொழிபெயர்ப்பாளர் என்னும் பதவியே இல்லையாம்.

"எல்லாம் போன்லயே பேசிக்கறோம் மேடம். நாம தமிழ்ல பேசினா அது இத்தாலியன்ல சொல்லிடுது. நீங்கள்லாம் அப்போ எப்படித்தான் சமாளிச்சீங்க? ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றார்.

கைப்பேசியின் மீது எனக்கு வழக்கேதும் இல்லை. அவர் முன்னிலையிலேயே அதைச் சோதித்துப் பார்த்தேன். நன்றாகவே மொழிபெயர்த்தது. என்னைக் காட்டிலும் அதற்குச் சொற்கள் அதிகம் தெரியும் என்பதையும் ஒப்புக்கொண்டேன். எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாரே, அதற்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன். அது இரண்டு பக்கத்தில் அடங்காது.

நான் பிறந்தது கீழ்க்கட்டளையில். எங்கள் வயல்கள் வீட்டு மனைகளான ஆண்டுகளில் பத்தாம் வகுப்பை முடித்தேன். அத்துடன் படிப்பு நின்றது. தொழிற்சாலையில் சேர்ந்து, தோலின் ஓரத்தைச் சீவுதல், மடித்து ஒட்டுதல், தைத்தல் ஆகியவற்றைக் கற்றேன். அங்கே தொழில்நுட்ப மேற்பார்வையாளராக இத்தாலியிலிருந்து வந்து, குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் தங்கியிருந்தவர் கொராடோ. அவருக்கு ஆங்கிலம் மிகக் குறைவு, எங்களுக்கும் அவ்வாறே. நகரத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வாரத்தில் சில நாட்கள் வருவார். அவர் வராத நாட்களில் சைகையால் வேலை நடக்கும். நான் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தபடியே, கொராடோ கையில் எடுக்கும் பொருளையும் அப்போது அவர் வாயில் வரும் சொல்லையும் பொருத்திப் பார்த்துச் சேமித்து வந்தேன். பின்னர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மின்விசிறிகளுக்கும் துருப்பிடித்த பூட்டுகளுக்கும் நடுவே, அட்டை இல்லாத ஓர் இத்தாலிய இலக்கண நூல் கிடைத்தது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தமையால் ஓர் ஆங்கில அகராதியும் வாங்க வேண்டியதாயிற்று. ஒரு மொழியைக் கற்கப் போய் இரு மொழிகளைக் கற்க நேர்ந்தது. இதில் எனக்கு நட்டமில்லை.

கொராடோவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். நெடிய, மெலிந்த உருவம். எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திறக்காதவர். தோலின் கனத்தை அளக்கக் கருவி உண்டு. அதனை அவர் மற்றவர்களுக்கென்று வைத்திருந்தார். தாம் அளக்கும்போது கண்களை மூடிக்கொண்டு, இடக்கையின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தோலை மெல்ல இழுப்பார். எவ்விடத்தில் மெலிகிறது, எவ்விடத்தில் நார் தளர்ந்திருக்கிறது என்பதை அவ்விரு விரல்களும் கண்டுபிடித்துவிடும். "வலக்கை வெட்டுகிறது, பார்ப்பது இடக்கை" என்று கூறுவார்.

அவர் யாரையும் கடிந்து பேசியதில்லை, ஆணையிட்டதும் இல்லை. குறை கண்டால், "இந்தத் தையல் என்னுடையதாக இருந்திருந்தால், நான் பிரித்திருப்பேன்" என்பார். ஒருநாள் மொழிபெயர்ப்பாளர் அதனை அப்படியே தமிழில் கூறினார். எங்கள் வரிசையில் கோமளா என்றொரு தோழி இருந்தாள். கடற்கரையோர மீனவர் குப்பத்திலிருந்து பேருந்தில் வருபவள். தையலில் என்னிலும் வேகம், பேச்சில் எல்லோரிலும் வேகம். அவள் இயந்திரத்தை நிறுத்தாமலேயே சொன்னாள்:

"அவுருதா இருந்தாத்தானே பிரிக்கணும்? இது என்னுதுதானே? நான் இன்னாத்துக்குப் பிரிக்கணும்? வுடுக்கா!"

வரிசை முழுவதும் சிரித்தது. கொராடோவும், எதற்கென்று அறியாமலே, மரியாதைக்காகச் சிரித்தார். மாலையில் அந்த மேற்பாகங்கள் யாவும் தர ஆய்விலிருந்து திரும்பி வந்தன. கோமளா அத்தனையையும் பிரித்துத் தைத்தாள். அம்மனிதரின் 'இருந்திருந்தால்' என்னும் சொல்லுக்குள் ஓர் ஆணை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன். அன்றிரவே அந்த இலக்கண நூலில் அதற்குரிய அத்தியாயத்தைத் திறந்தேன்.

இத்தாலிய மொழியில் வினைச்சொல்லுக்குத் தனியே ஓர் உடை உண்டு. நடந்ததையும் நடப்பதையும் கூறும்போது வினை அன்றாட உடையில் வரும். நடக்காததை, நடக்குமோ என ஐயுறுவதை, இது நடந்தால்தான் அது என்று விதிப்பதைக் கூறும்போது வேறோர் உடை அணிந்து வரும். அதற்குக் 'கொன்ஜுன்தீவோ' என்று பெயர். நிபந்தனை விதிக்கும் சொற்கள் சில உள்ளன. 'பூர்கே' என்றால் 'என்னும் நிபந்தனையின் பேரில்' என்று பொருள். 'ஆ மேனோ கே' என்றால் 'அவ்வாறு நேர்ந்தாலொழிய' என்று பொருள். இச்சொற்கள் வந்துவிட்டால் பின்னால் வரும் வினை அந்தத் தனி உடையை அணிந்தே தீர வேண்டும். நம் தமிழில் 'ஆல்' என்னும் ஓர் ஈறு இவ்வளவு பாரத்தையும் தனியே சுமந்துகொள்கிறது. அதன் அருமையை இத்தாலிய மொழி கற்ற பின்னரே நான் அறிந்தேன்.

கீழ்க்கட்டளைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி மனத்துக்குள் பயிற்சி செய்வேன். பேருந்து வந்தால் ஏறுவேன். பேருந்து காலியாக வருமானால் உட்காருவேன். பேருந்து காலியாக வந்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். இம்மூன்றாவது வாக்கியத்தில்தான் எனக்கு மிகுதியான பயிற்சி கிடைத்தது என்பதை அவ்வழியில் பயணம் செய்தோர் அறிவர்.

நகரத்து மொழிபெயர்ப்பாளர் வேறு பணிக்குச் சென்றபோது, தொழிற்சாலை மேலாளர் தணிகாசலம் அவர்கள் என்னை அழைத்தார். "விஜயா, நீ அவருகிட்ட என்னமோ பேசறியாமே? நாளையிலருந்து நீயே பேசு" என்றார். நியமனம் அவ்வளவில் முடிந்தது.

எனக்கென்று ஒரு பணிமுறையை வகுத்துக்கொண்டேன். பேசுபவர் வாக்கியத்தை முடிக்கும்வரை வாய் திறப்பதில்லை. முடித்ததும், அவர் கூறியதை அவருடைய மொழியிலேயே, என் சொற்களில் அவரிடம் திருப்பிக் கூறுவேன். அவர் தலையசைத்த பின்னரே தமிழில் சொல்வேன். கேட்டவர் புரிந்துகொண்டதைத் தம் வாயால் சொல்ல வேண்டும். அதனையும் மறுபுறம் கொண்டுசெல்வேன். இதனால் நேரம் கூடுதலாகும். தணிகாசலம் அவர்களுக்கு இது பிடிக்காது. "நீ மொழிபெயர்க்கிறியா, இல்ல கோர்ட்டுல குறுக்கு விசாரணை பண்றியா?" என்று கேட்பார். ஆனால் அவருக்கு வேறொரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டவர் எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்று தலையாட்டிவிடுவார். அது வஞ்சகமன்று, வந்தவரிடம் முகத்துக்கு நேரே முடியாதென்று சொல்லக் கூச்சம். எங்கள் பகுதியில் பலருக்கும் உள்ள கூச்சம்தான். எனவே யாரேனும் ஒருவர் குறுக்கு விசாரணை செய்யத்தான் வேண்டியிருந்தது.

இனி, அந்த நாளுக்கு வருகிறேன்.

தோலை அச்சு வைத்து வெட்டும் அழுத்து இயந்திரத்தில் கொராடோ புதிய அச்சு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அச்சு சற்று நகர்ந்திருந்தது. அதனை இடக்கையால் நேராக்கிக்கொண்டே வலக்கையால் விசையைத் தொட்டுவிட்டார்; இயந்திரம் இடக்கையின் மேல் இறங்கிவிட்டது. பிறருக்கு ஆயிரம் முறை தடை செய்த செயல் அது. கோமளாதான் முதலில் ஓடிச்சென்று மின்சாரத்தை நிறுத்தினாள். தன் துப்பட்டாவால் அந்தக் கையைச் சுற்றி, அவரை நாற்காலியில் உட்கார வைத்தவளும் அவளே.

தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். நான் வேலைக்குரிய ஏப்ரனுடனேயே வண்டியில் ஏறியிருந்தேன். கை மருத்துவத்தில் தேர்ந்த அறுவை மருத்துவர் ஒருவர் வந்து பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், சுருக்கமாகப் பேசுபவர்.

"சுண்டு விரல் போயிடுச்சு. மோதிர விரல் பாதி. ஆட்காட்டி விரல்ல ரத்த ஓட்டம் சந்தேகமா இருக்கு. உள்ள அழுக்கும் எண்ணெயும் போயிருக்கு. திறந்து பார்த்துட்டு எதெது எடுக்கணுமோ எடுத்துடுவேன். கை மட்டும்தான் மரத்துப் போகும், முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பார். சம்மதம் கேளுங்க" என்றார்.

நான் இத்தாலிய மொழியில் கூறினேன். கொராடோவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நடுவில் கண்களை மூடினார். பின் திறந்து, "ஸீ" என்றார். இத்தாலிய மொழியில் 'ஆம்' என்பதற்கு அதுவே சொல்.

"யெஸ் சொல்லிட்டாரு டாக்டர்!" என்றார் தணிகாசலம் அவர்கள்.

"சார், இன்னும் முடிக்கல" என்றேன்.

கொராடோ மூச்சை இழுத்து, 'பூர்கே' என்று தொடர்ந்தார். ஆம், வெட்டட்டும், ஆனால் ஆட்காட்டி விரலை இன்று எடுக்கக்கூடாது என்னும் நிபந்தனையின் பேரில். வாக்கியம் முடியும்வரை காத்திருந்தேன். திருப்பிக் கூறினேன், தலையசைத்தார். தமிழில் சொன்னேன்.

மருத்துவருக்குச் சினம் வந்தது. "கண்டிஷன் போட்டு ஆபரேஷன் பண்ணிக்கறதுக்கு இது என்ன டெய்லர் கடையாம்மா?"

"டெய்லர் கடையிலகூட கேட்டுட்டுத்தான் சார் வெட்டுவாங்க" என்றேன். அடக்கத்துடன்தான் கூறினேன், ஆயினும் அருகிலிருந்த செவிலியர் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

தணிகாசலம் அவர்கள் என்னைக் கதவோரம் அழைத்துச் சென்றார். அவருக்கும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "விஜயா, வெளிநாட்டுக்காரரு. ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். டாக்டர் ஒத்துக்கிட்டாருன்னு அவருகிட்ட சொல்லிடு, அவரு ஒத்துக்கிட்டாருன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு. உயிரு பொழச்சா போதும். அப்புறம் பேசிக்கலாம்."

அவர் தீங்கு நினைத்துச் சொல்லவில்லை என்பதை இங்கே எழுத வேண்டியது என் கடமை. ஆனால் அவ்வறையில் இரு மொழிகளையும் அறிந்தவள் நான் ஒருத்தி மட்டுமே. நான் எதைச் சொன்னாலும் இரு தரப்பினரும் நம்பியிருப்பார்கள். மரத்துப்போன கையில் விரல் போவதைக் கொராடோ அறிந்திருக்கவும் மாட்டார். அந்த எண்ணமே என்னை நிமிர்ந்து நிற்கச் செய்தது.

"சார், அவரு சொன்னதத்தான் நான் சொல்லுவேன். வேற சொல்லணும்னா நீங்க வேற ஆளப் பார்க்கணும்" என்றேன். பார்ப்பதற்கு வேறு ஆள் தாம்பரத்தில் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

மருத்துவரிடம் சென்று, கொராடோவின் தொழிலை விளக்கினேன். என்னுடைய தோல் ஏப்ரனின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக் காட்டினேன். "இந்த ரெண்டு விரலாலதான் சார் அவரு பார்க்கறாரு. இது போச்சுன்னா அவருக்குக் கண்ணு போன மாதிரி."

மருத்துவர் குனிந்து என் விரல்களைப் பார்த்தார். பிறகு, "சரி. ஆனா எது வரைக்கும், எப்போ, எந்த நெலமையிலன்னு எனக்குத் தெளிவா வேணும். உள்ள போனப்புறம் 'இதுவரைக்கும்னு சொன்னேன், அதுவரைக்கும்னு சொன்னேன்'னு வரக்கூடாது" என்றார்.

அது நியாயமான கோரிக்கை. ஆனால் வலி நீக்கும் மருந்தால் கொராடோவின் நாக்கு குழறத் தொடங்கியிருந்தது. 'இங்கே', 'அதற்கு மேல்' என்று அவர் கூறுவது எந்த மூட்டை என்பது எனக்கே உறுதிப்படவில்லை. அடிபட்ட கையோ கட்டுக்குள் இருந்தது.

எங்கள் வெட்டுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோலின் மீது கத்தி படுவதற்கு முன், வெள்ளி மை பேனாவால் அதில் குறியிட வேண்டும். கோடு இட்டால் அதுவரை வெட்டலாம். குறுக்குக் குறி இட்டால் அப்பகுதி கழிவு. வட்டமிட்டால் அதற்குள் கத்தி நுழையக்கூடாது. குறியிடாத தோலை எவ்வளவு பெரிய வெட்டுநரும் தொடமாட்டார். என் ஏப்ரன் பையில் அந்தப் பேனா இருந்தது. அதனை எடுத்துக் கொராடோவின் வலக்கையில் கொடுத்து, என் இடக்கையை அவர் முன் நீட்டினேன்.

"என்னம்மா இது?" என்றார் தணிகாசலம் அவர்கள். திருமணமான பெண், அந்நிய ஆடவர் முன் கை நீட்டுவது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். நான் கையை மடக்கவில்லை.

கொராடோவுக்கு உடனே விளங்கிவிட்டது. என் சுண்டு விரலின் அடியில் ஒரு குறுக்குக் குறி இட்டார்: இது போகட்டும். மோதிர விரலின் நடு மூட்டில் ஒரு கோடு: எலும்பு நொறுங்கியிருக்குமானால் இதுவரை, நொறுங்காமல் இருக்குமானால் வேண்டாம். நடுவிரலை விட்டுவிட்டார். பின் ஆட்காட்டி விரலைச் சுற்றி, நகத்தின் நுனியிலிருந்து அடிவரை, மெதுவாக ஒரு வட்டம் வரைந்தார்.

ஒவ்வொரு குறிக்கும் ஒரு வாக்கியம் சொன்னார். அந்த நிலையிலும் அவருடைய வினைச்சொற்களுள் ஒன்றுகூட உடை மாறி வரவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பிக் கூறித் தலையசைப்பைப் பெற்று, தமிழில் மருத்துவரிடம் சொன்னேன்.

மருத்துவர் என் கையைப் பற்றி விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். "இந்த வட்டம். சீழ் வெச்சு, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்துன்னா?"

இதனைக் கொண்டுசென்றேன். கொராடோ கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பின்னர், 'ஆ மேனோ கே' என்று தொடங்கினார். உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலொழிய வேண்டாம். அவ்வாறு நேருமானால் எடுக்கலாம்; ஆனால் எடுத்த பிறகு சொல்லக்கூடாது, எடுக்கும் முன் என்னிடம் சொல்ல வேண்டும்.

"அது சரியான பேச்சு" என்றார் மருத்துவர். "எந்த நேரமானாலும் எழுப்பி, சொல்லிட்டுத்தான் எடுப்பேன். இதையும் அவருகிட்ட சொல்லுங்க." சொன்னேன். அதன்பின், ஒப்புதல் தாளில் எல்லாவற்றையும் மருத்துவரே தம் கைப்பட எழுதிக்கொண்டார்.

என்னையும் பச்சை அங்கி அணிவித்து உள்ளே அழைத்துச் சென்று, கொராடோவின் தலைமாட்டில் நிற்க வைத்தார்கள். செவிலியர் என் கையில் உள்ள மையைத் துடைக்க வந்தபோது, "அத அழிக்காதீங்க. நான் பார்க்கணும்" என்றார் மருத்துவர். இடையிடையே அவர் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். நான் உயர்த்திக் காட்டினேன். மோதிர விரலின் எலும்பு நொறுங்கித்தான் இருந்தது. கோடு வரை எடுத்தார். ஆட்காட்டி விரலைக் கழுவி, கிழிந்த இரத்தக் குழாயைத் தைத்து, கம்பி ஒன்று செருகி, கட்டுப் போட்டார். வட்டத்துக்குள் இருந்ததில் எதையும் வெட்டி எடுக்கவில்லை.

வெளியே கோமளா காத்திருந்தாள். அழுது கண்கள் வீங்கியிருந்தன. என் கையைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய பேச்சு திரும்பிவிட்டது.

"இன்னாக்கா இது? அவுரு அங்க படுத்துகினு கீறாரு, நீ இங்க மருதாணி வெச்சிகினு வர்ற?"

அதன்பின் வந்த நாட்கள் எளிதானவை அல்ல. விரலின் நுனி கறுத்தது. காய்ச்சலும் ஒருமுறை ஏறியது. மருத்துவர் தம் சொல் தவறாமல் வந்து நின்று, "நாளைக்கும் இப்படியே இருந்தா எடுக்கணும்" என்று கூறச் சொன்னார். அதனையும் ஒரு சொல் குறையாமல் கூறினேன். கொராடோ, "நாளையும் இப்படியே இருக்குமானால், சரி" என்றார். அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லும்போது மட்டும் நான் மருத்துவரின் முகத்தைப் பார்க்கவில்லை. இருப்பினும் சொல்லி முடித்தேன்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கறுத்திருந்த மேல்தோல் உரிந்து வந்தது. அடியில் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தது. மருத்துவர் ஊசி ஒன்றை எடுத்து, விரல் நுனியில் குத்தினார். கொராடோ துள்ளி எழுந்து உரக்க ஒரு சொல் சொன்னார். என் பணிக்காலத்தில் நான் மொழிபெயர்க்காமல் விட்ட சொல் அது ஒன்றே. மருத்துவரும் பொருள் கேட்கவில்லை; சிரித்துக்கொண்டே ஊசியைக் கீழே வைத்தார்.

விரலின் கடைசி மூட்டு மடங்காமல் போயிற்று. ஆனால் உணர்ச்சி மீண்டது. சில மாதங்கள் கழித்து வெட்டுக்கூடத்தில் அவர் கண்களை மூடிக்கொண்டு, மடங்காத அந்த விரலால் ஒரு தோலைத் தடவி, "இது என் தோலாக இருந்திருந்தால், திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். இம்முறை கோமளாவே அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் திருப்பியனுப்பும் அடுக்கில் வைத்தாள். யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அம்மருத்துவர் அதன்பின் இத்தாலியர் எவர் வந்தாலும் என்னைத்தான் அழைத்தார். "அந்தக் கண்டிஷன் அம்மாவக் கூப்பிடுங்க" என்பாராம். எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதனையே உயர்வாகக் கருதுகிறேன். வேறு பட்டம் எதுவும் கிடைக்கவில்லை என்பது வேறு செய்தி.

பல ஆண்டுகள் கழித்துக் கொராடோ ஓய்வு பெற்றுத் தம் நாடு திரும்பும் நாளில், தொழிற்சாலை உணவுக்கூடத்தில் வழியனுப்பு விழா நடந்தது. தையல் வரிசைப் பெண்கள் அனைவரும் கூடியிருந்தனர். மேடையில் அவர் பேச, நான் அருகில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். தோலைப் பற்றியும், பல்லாவரத்துப் புழுக்கத்தைப் பற்றியும், தமக்குப் பழகிப்போன காரக் குழம்பைப் பற்றியும் கூறினார். பின்னர் இடக்கையை உயர்த்தி, ஆட்காட்டி விரலை நீட்டி, நிபந்தனையின் மேல் நிபந்தனையாக நீண்ட வாக்கியம் ஒன்றைச் சொன்னார்.

நான் வழக்கம்போல் முடியும்வரை காத்திருந்தேன். முடிந்ததும் தணிகாசலம் அவர்கள் என் பக்கம் சாய்ந்தார். சில சொற்கள் அவருக்கும் புரியத் தொடங்கியிருந்த காலம் அது.

"விஜயா, அத விட்டுடும்மா. உன்னப் பத்தி நீயே மைக்குல சொன்னா நல்லாவா இருக்கும்? 'எல்லாருக்கும் நன்றி'ன்னு முடிச்சிடு."

நான் ஒலிவாங்கியை அருகில் இழுத்துக்கொண்டேன்.

"அன்று அந்த அறையில் விஜயா இல்லாதிருந்தால், எனக்கு இந்த விரல் இருந்திருக்காது. இந்த விரல் இல்லாதிருந்தால், நான் இத்தனை ஆண்டுகள் உங்களோடு இருந்திருக்க மாட்டேன்."

ஒரு சொல்லையும் விடவில்லை. ஒரு சொல்லையும் கூட்டவில்லை. கடைசி வரிசையிலிருந்து கோமளாவின் குரல் எழுந்தது.

"இன்னாக்கா, மைக்கு கொர்ரு கொர்ருங்குது, ஒண்ணும் கேக்கல! இன்னொரு வாட்டி சொல்லு!"

அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் மீண்டும் சொன்னேன். இம்முறை உரக்கச் சொன்னேன்.